மெஷின் காட்டாத வலி

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

துறைமுகத்துக்கு வரும் பழைய இரும்பில் கதிர்வீச்சு இருக்கிறதா என்று பார்க்கும் நியூட்ரான் மீட்டர்களைச் சரிபார்ப்பதுதான் என் மகளின் வேலை. மீட்டர் ஒன்றும் காட்டவில்லை என்றால் ஆபத்தில்லை என்று அவள் உடனே நம்பிவிட மாட்டாள். கதிர்வீச்சின் அளவு தெரிந்த ஒரு பொருளைப் பக்கத்தில் வைத்து, முதலில் மீட்டரைச் சோதிப்பாள்.

அவள் பிரசவ வார்டில் துடித்தபோது, வயிற்றில் பெல்ட் கட்டி வலியை அளக்கும் மெஷினைப் பார்த்துவிட்டு நர்ஸ், “வலியே காட்டல. எதுக்குளா நடிக்க?” என்றாள்.

“பெல்ட் நழுவிக் கெடக்கு சிஸ்டர். கைய வச்சுப் பாருங்க” என்றாள் மகள்.

“நீ மெஷின் ரிப்பேருக்கு வந்தியா, பிள்ள பெற வந்தியா?”

“யம்மா, நீயாவது சொல்லு, தல எறங்குது” என்று மகள் என் கையைப் பிடித்தாள். எனக்கு வாய் வரவில்லை. அவளைப் பெற்றபோது, கத்தாதே என்று என்னைத் தொடையில் அடித்தார்கள். அன்றும் நான் பேசவில்லை.

கொஞ்ச நேரத்தில், டாக்டர் வருமுன்னே அந்தக் கட்டிலிலேயே பேரன் பிறந்துவிட்டான். நன்றாக இருக்கிறான். எனக்குத்தான் கோபம் ஆறவில்லை, நர்ஸ் மேலும், என் மேலும்.

மெஷின், மீட்டர் பற்றி எழுதியதில் பிழை இருந்தால் விவரம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். என் மகளுக்கு வலி இருந்ததா என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள்.