பிளடி குட் எஞ்சின்

அந்த போர்மேனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எந்த ஊர்க் கல்லறையில் கிடக்கிறானோ, எனக்கென்ன. ஒரே ஒரு சொல்லுக்காக என் அப்பாவை வேலையை விட்டு நிறுத்தியவன் அவன்.

அப்பாவுக்கு விழுப்புரம் எஞ்சின் ஷெட்டில் கிளீனர் வேலை. பக்கத்துக் காணை கிராமத்தில் பிறத்தியார் கழனியிலேயே குனிந்து கிடந்த எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். அந்தச் சம்பளம் வந்ததால்தான் நான் திண்டிவனத்தில் மிஷன் போர்டிங்கில் தங்கிப் படித்தேன்.

எழுத்துவாசனை அறியாத அப்பா, ஷெட்டில் காதால் கேட்டே கொஞ்சம் இங்கிலீஷ் சேர்த்து வைத்திருந்தார். அதில் அவருக்கு ரொம்பப் பிடித்தது ‘பிளடி’. சட்டைக்காரர் என்று நாங்கள் சொல்லும் ஆங்கிலோ இந்திய டிரைவருக்கு அது இல்லாமல் பேச்சே வராது. டீ நன்றாயிருந்தால் பிளடி குட், மழை பெய்தால் பிளடி மழை. யுத்த சமயத்தில் ரயிலில் போன ஆஸ்திரேலியச் சிப்பாய்கள், தண்ணீர் பிடித்துக் கொடுத்த அப்பாவை அதே சொல்லால் கூப்பிட்டு, முதுகில் தட்டி, சிகரெட்டும் கொடுத்தார்கள். எங்கள் அமெரிக்க டீச்சரம்மாவிடம் நான் அர்த்தம் கேட்டபோது, ரத்தம் பட்ட துணியைத்தான் அவர்கள் ஊரில் அப்படிச் சொல்வார்கள் என்று சிரிக்காமல் சொன்னார்.

ஷெட்டை மேற்பார்த்த போர்மேன் சீமையிலிருந்து புதிதாக வந்தவன். ஒருநாள் அப்பா துடைத்து நிறுத்திய எஞ்சின் முன்னால் வந்து நின்றிருக்கிறான். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “பிளடி குட் எஞ்சின், சார்” என்றிருக்கிறார். அவ்வளவுதான். துரையிடம் கெட்ட வார்த்தை பேசினான் என்று சஸ்பெண்ட். அதே சொல்லை அதே போர்மேன் காதுபடத் தினம் நூறு தடவை சொல்லும் டிரைவர், பக்கத்திலேயே நின்று தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். என்ன நியாயம் இது?

மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் வேலை, இல்லையென்றால் மறுபடியும் கழனிதான். நான் கிறிஸ்துமஸ் லீவில் வீட்டுக்கு வந்திருந்தேன். பதினோரு வயது.

“தப்பு பண்ணிட்டேன்னு எழுதிடு பாப்பா. அது போதும்” என்றார் அப்பா.

செய்யாத தப்பை ஏன் எழுத வேண்டும்? உட்கார்ந்து இரண்டு தாள் எழுதினேன். என் தகப்பனார் ஒன்றும் தெரியாத பாமரர். அர்த்தம் புரியாமல் கிளிப்பிள்ளைபோல் சொல்கிறவர். குற்றம் அவருக்குச் சொல்லிக் கொடுத்த வாய்களுடையது. இதையெல்லாம் எனக்குத் தெரிந்த பெரிய பெரிய இங்கிலீஷ் வார்த்தைகளில் போட்டு ஜோடித்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமலே அப்பா கைநாட்டு வைத்தார்.

மறுநாள் இருவரும் ஷெட்டுக்குப் போனோம். போர்மேன் படித்தான். டிரைவரையும் மற்ற கிளீனர்களையும் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் உரக்கப் படித்தான். புரியாதவர்களுக்கு கிளார்க் தமிழில் சொன்னார். கிளிப்பிள்ளை என்ற இடத்தில் ஷெட்டே சிரித்தது. டிரைவர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். போர்மேன் என் தலையைத் தட்டிக் கொடுத்து, அப்பாவை நாளையிலிருந்து வேலைக்கு வரச் சொன்னான். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் வந்ததும் அப்பா நின்றார். என்னைப் பார்க்காமல், தண்டவாளத்தைப் பார்த்துச் சொன்னார்.

“பன்னண்டு வருசமா அவுங்க பேசறத கேட்டுக்கினு கீறேன். அர்த்தம் எனக்குத் தெரியும் பாப்பா. எஞ்சின் அப்பிடி இருந்துச்சி, அதான் சொன்னேன்.”

போன வேலையை மீட்டுக் கொடுத்த மகளுக்கு ஒரு பொட்டலம் வறுத்த மல்லாட்டை வாங்கித் தரத் தோன்றவில்லையே இந்த மனுஷனுக்கு என்று நான் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அப்பா இங்கிலீஷில் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. போர்மேன் மேல் அவருக்கு இருந்த கோபம் இன்னும் ஆறவில்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.