உப்புத்தாள் படாத பிஸ்டன்

சின்னவள் கல்யாணமாகி வந்த புதிதில் கூடவே கொண்டு வந்த தையல் மிஷின், காலை வைத்தாலே கடகடவென்று ஊரைக் கூட்டும். மாமனார் உயிரோடு இருந்த காலம் அது. படிக்கிற பேப்பரை மடியில் போட்டுவிட்டு, "வீட்டுக்குள்ள ரயில் விட்டிருக்காங்களா?" என்று பொதுவாகக் கேட்பார். அவளும் பயந்து, அவர் செருப்பு மாட்டுகிற நேரமாகப் பார்த்துத் தைப்பாள். அவர் திரும்பி வரும் இருமல் கேட்டால் நிறுத்திவிடுவாள். ஒருநாள் காலையில் உட்கார்ந்து மிதித்தால் மிஷின் பூனை நடக்கிற மாதிரி ஓடுகிறது. யார் செய்தது, எப்போது செய்தது, மூச்சு இல்லை. சக்கரத்தின் ஓரத்தில் மட்டும் கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை. அந்த வீட்டில் நகக்கண் கறுத்துக் கிடப்பது ஒரே ஆளுக்குத்தான். அவளுடைய ஓரகத்திக்கு, புருஷனுடைய அண்ணன் சம்சாரத்துக்கு.

வீட்டில் அவள் பெரியவள். தெருவுக்கு ஸ்பேனர் அக்கா. புடவைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, பின்கட்டு ஜன்னல் ஓரம் ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்திருப்பாள். கழற்றிய போல்ட்டுகள் ஒரு பழைய தட்டில் வட்டமாக வரிசை கட்டி நிற்கும். ஒன்றிரண்டு போல்ட்டு உதட்டில் இருக்கும்; அவற்றை விழாமல் கவ்விக்கொண்டே பேசுவாள். எதைக் கொடுத்தாலும் முதலில் மோந்து பார்ப்பாள், அது மிஷினானாலும் சரி, கடையிலிருந்து வந்த துணியானாலும் சரி. முடுக்கிய போல்ட்டை ஒரு சுற்று போய்வந்து இன்னொரு தரம் தொட்டுப் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டாள். "நல்லாயிடுமாக்கா?" என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் அவளிடம் ஒரே பதில்: "பார்ப்போம்." அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிக்குமா என்று கேட்டாலும் அண்ணி பார்ப்போம் என்றுதான் சொல்லும் என்று சின்னவர் கேலி செய்வார். அவளும் சிரிப்பாள். ஆனாலும் வேறு பதில் சொல்ல வாய் வராது.

அண்ணன் தம்பி இருவருக்கும் மரம் வெட்டுகிற தொழில். பெரியவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மேலே ஏறுவார். சின்னவர் கீழே நின்று கயிறு பிடிப்பார். மரம் அறுக்கிற மிஷின் பெரியவரின் கல்யாணத்துக்கும் முந்தியது. அதைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை. ஒரு சமயம் கடைக்காரன் ஒருவன் அதைப் பிரித்து மாட்டினான். ஒரு திருகைச் சரியாக முடுக்காமல் விட்டிருக்கிறான். மரத்துச்சியில் அது பெரியவர் கையிலேயே பிளந்து, இரும்புத் துண்டு ஒன்று தம்பியின் தலைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. கடவுள் கண் திறந்து பார்த்த நாள் அது. அன்றிலிருந்து அந்த மிஷினில் பெரியவளைத் தவிர வேறு கை பட்டதில்லை. அவளுடைய அப்பா தண்ணீர் மோட்டார் பழுது பார்த்தவர். பக்கத்தில் குந்திப் பார்த்ததுதான் அவள் படிப்பு. ஸ்பேனரை எடுக்குமுன் கண்ணை மூடி, "என் கையில நீ இருந்துக்கோ சாமி" என்று முணுமுணுத்துவிட்டுத்தான் தொடங்குவாள்.

ஆண்கள் வேலைக்குப் போயிருக்கிற நேரத்தில் அவள் மிக்ஸி ஓட்ட மாட்டாள், ரேடியோ போட மாட்டாள். குழாயைக்கூடச் சன்னமாகத்தான் திறப்பாள். போன் அடித்தால் காதில் விழ வேண்டுமே. ஆரம்பத்தில் சின்னவளுக்கு இது வேடிக்கையாக இருந்தது. நாளாக ஆக அவளும் மிஷினை மிதிக்காமல் கையாலேயே பொத்தான் தைக்கப் பழகிவிட்டாள்.

போன மாதம் ஒருநாள் வேலை நடுவிலேயே மிஷின் இறுகி நின்றுவிட்டது. மிஷினைக் கிளப்ப இழுக்கிற கயிறு இம்மி நகரவில்லை. பெரியவர் அதைக் கொண்டுவந்து பெண்சாதியின் முன்னால் வைத்தார். பெட்ரோல் மோசம், தம்பி எங்கே போய் வாங்கினானோ என்றார். எப்போதும் வாங்குகிற இடத்தில்தான் வாங்கினேன் என்று சின்னவர் அப்புறம் சின்னவளிடம் மட்டும் சொன்னார். அண்ணன் சொல்லை மறுத்துப் பேசுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. வந்த கோபத்தைச் சட்டையை உதறுகிற உதறலில் காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார். சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூடச் சுவர்மேல் சாய்ந்து நிற்கிற பெரிய மரத்தை இறக்கித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதற்குள் மிஷின் வேண்டும்.

பெரியவள் அன்றே பிரித்தாள். டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி மோந்து பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மறுபடி மோந்தாள். பிறகு சிலிண்டரைக் கழற்றி, குட்டி டம்ளர் அளவிருந்த பிஸ்டனை வெளியே எடுத்து விரலால் ஒரு சுற்றுச் சுற்றினாள். சின்னவள் என்னவென்று கேட்டாள். பார்ப்போம் என்று வந்தது பதில். ஆனால் அவள் உதட்டில் அப்போது போல்ட்டு எதுவும் இல்லை. இருந்தும் குரல் குழறியது.

மற்ற வேலையெல்லாம் மளமளவென்று நடந்தது. பிஸ்டன் உரசி உருகிச் சிலிண்டர் சுவரில் அப்பிக்கொண்டிருந்த அலுமினியத்தை, தரை கழுவுகிற ஆசிட்டைப் பஞ்சில் தொட்டுத் தடவி நுரைக்க விட்டு எடுத்தாள். கழுவித் துடைத்து விரலை உள்ளே விட்டுத் தடவினாள். நகம் எங்கேயும் தட்டவில்லை. பிஸ்டனில் ரிங் உட்காருகிற பள்ளத்தில் கெட்டியாகக் கிடந்த கரியை உடைந்த பழைய ரிங்கின் முனையாலேயே சுரண்டினாள். அளவான புது ரிங்கும் வந்து சேர்ந்தது. பாக்கி இருந்தது பிஸ்டனின் மேல் இருந்த கீறல்கள்தான். உப்புத்தாளைப் பட்டையாகக் கிழித்து எண்ணெயில் நனைத்தாள். பிஸ்டனை இடது கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு பழைய பனியன் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள்.

எடுத்த வேலையைப் பாதியில் விட்டு எழுந்திருக்கிற பெண்ணில்லை அவள். மறுநாளும் தொடவில்லை, அதற்கு மறுநாளும் தொடவில்லை. பெரியவர் சாயங்காலமானால் வந்து ஆச்சா ஆச்சா என்று குடைந்தார். "நாலு கீறலைத் தேய்க்கச் சொன்னா, பிஸ்டனுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டிருக்கா" என்று தம்பியிடம் அலுத்துக்கொண்டார். சின்னவளுக்கோ சோறு இறங்கவில்லை. மிஷின் அப்படியே செத்துத் தொலைந்தால் தேவலை, யாரும் மரத்தடியில் நிற்க வேண்டாம் என்று ஒரு மனசு. அப்படிப் போனால் பழி தன் புருஷன் தலையிலேயே நின்றுவிடுமே என்று ஒரு மனசு. இரண்டுக்கும் நடுவில், அக்காவின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. மடித்த துணியையே சின்னவள் மறுபடி மடிக்கிறாள், கூட்டிய இடத்தையே கூட்டுகிறாள்.

பொறுக்க முடியாமல் வியாழக்கிழமை மத்தியானம் பின்கட்டுக்குப் போய் முக்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சனிக்கிழமை மரத்துக்குக் கீழ நிக்கப்போறது எங்க வீட்டுக்காரர். என்ன இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்கக்கா."

பெரியவள் எழுந்துபோய் துணியோடு பிஸ்டனை எடுத்து வந்தாள்.

"ஒரு பக்கம் மட்டும் கீறியிருந்தா, எங்கேயோ ஓட்டை வழியா காத்து உள்ள போகுதுன்னு அர்த்தம். அதை அடைச்சா முடிஞ்சுது. இது பாரு, சுத்தி வந்திருக்கு. ஆயில் சேர்க்காத வெறும் பெட்ரோல்ல ஓடியிருக்கு."

பாட்டிலைக் காட்டினாள். இந்த மிஷினுக்குப் பெட்ரோலில் கொஞ்சம் ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். அவர்கள் கலக்குகிற ஆயில் நீல நிறம். கலந்த பெட்ரோல், துணிக்கு நீலம் போட்ட தண்ணீர் மாதிரி இருக்கும். பாட்டிலில் இருந்தது நீலத்தின் சாயலே இல்லாமல் வெளிறிக் கிடந்தது.

யார் கலந்தது என்று சின்னவள் கேட்கவில்லை. ஆயில் கலக்குகிற வேலையைப் பெரியவர் தம்பிக்குக்கூட விட்டதில்லை. அதில் அவருக்கு ஒரு கர்வம். மூடியில் ஊற்றி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்து, கேனைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி குலுக்குவார். இத்தனை வருஷத்தில் தவறியதே இல்லை. சின்னவளுக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. டீ குடித்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, டீ வரலையா என்று கேட்டது. சுருட்டி வைத்த கயிற்றை அவிழ்த்து மறுபடி சுருட்டிக்கொண்டிருந்தது. அப்போதெல்லாம் எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள், அவரும் சிரித்தார்.

"ஆயிலை மறந்தா மிஷினோட போச்சு" என்றாள் பெரியவள். "இடுப்பு முடிச்சை மறந்தா?"

சின்னவள் முக்காலிப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். இதை அவரிடம் சொல்லிவிட வேண்டியதுதானே என்றாள். சொன்னால் நம்ப மாட்டார், சண்டைதான் வரும் என்றாள் பெரியவள். துணி ஓரத்தால் பிஸ்டனைத் துடைத்தாள்.

"இதைத் தேய்ச்சுட்டா பளபளன்னு ஆயிடும். அப்புறம் பெட்ரோல்தான் மோசம்னு எல்லாரும் நிம்மதியா இருந்துடலாம். எனக்கும் அந்த ஆசை இல்லாம இல்லம்மா. உப்புத்தாளைக் கையில எடுத்தா விரல் மடங்க மாட்டேங்குது. அவருக்கு பிஸ்டனைப் பார்த்தா படிக்கத் தெரியும். அவரே வந்து கேக்கட்டும்னு உக்காந்திருக்கேன்."

வெள்ளிக்கிழமை அவரே வந்தார். சின்னவள் துவைத்த துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். கொடுத்துத் தொலை, நானே தேய்த்துக்கொள்கிறேன் என்று பெரியவர் கையை நீட்டுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பெரியவள் துணியைப் பிரித்து அந்தக் கையில் பிஸ்டனை வைத்தாள்.

அவர் வெளிச்சத்துக்கு நகர்ந்து வந்தார். ஒரு பக்கம் பார்த்தார். கட்டைவிரலால் கொஞ்சம் திருப்பினார். இன்னும் கொஞ்சம் திருப்பினார். முழுச் சுற்றும் முடிந்து ஆரம்பித்த இடத்துக்கே வந்த பிறகு விரல் நின்றது. டேங்கில் இருந்ததைக் கொட்டிவிட்டாயா என்று கேட்டார். அவள் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கொடியில் போட வேண்டிய சட்டை சின்னவள் கையில் சொட்டிக்கொண்டே இருந்தது.

பெரியவர் முக்காலியில் உட்கார்ந்தார்.

"தம்பி மேல தப்பு இல்ல" என்றார். பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, "ஆயில் கலந்தது கண்ணுக்குள்ள நிக்குது. மூடியில ஊத்தினது, கேனைக் குலுக்கினது, எல்லாம். இப்பவும் நிக்குது."

பெரியவள் அவருக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவர் கையிலிருந்து பிஸ்டனை வாங்கிக்கொண்டாள். அதன் பிறகுதான் உப்புத்தாளைத் தொட்டாள். சரசரவென்ற அந்தச் சத்தம் சாயங்காலம் வரை கேட்டது. தூக்கி நிற்கிற மேடுகளை மட்டும் அழுத்தாமல் எடுக்க வேண்டுமாம். ஆழமான கீறலை அப்படியே விட்டுவிட வேண்டுமாம். அதையும் தேய்க்கப் போனால் பிஸ்டன் மெலிந்து சிலிண்டருக்குள் ஆட்டம் கண்டுவிடும். அவர் எழுந்து போகாமல் பக்கத்திலேயே இருந்து, கேட்கும்போதெல்லாம் எண்ணெயைத் தொட்டுத் தொட்டுக் கொடுத்தார்.

பள்ளிக்கூடத்துக்கு அவரே போன் போட்டு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, தட்டைப் பார்த்துக்கொண்டே, "பெட்ரோல் நல்லதுதான்டா" என்றார். சின்னவர் தலையை ஆட்டினார். அண்ணன் தம்பிக்குள் அந்தக் கணக்கு அதோடு தீர்ந்தது.

சனிக்கிழமை மிஷின் பூட்டி முடிந்தது. இழுக்கிற கயிற்றுப் பிடியைப் பற்றி மிஷினை அந்தரத்தில் தொங்கவிட்டாள் பெரியவள். பிஸ்டனும் ரிங்கும் சரியாகப் பிடித்திருந்தால் மிஷின் தொபுக்கென்று விழாமல், மூச்சை அடக்கி அடக்கி இறங்கும். அப்படித்தான் இறங்கியது. சின்னவர் இழுத்ததும் புகையைக் கக்கிவிட்டு உறுமத் தொடங்கியது. மிஷின் பிழைத்த சந்தோஷம் ஒருத்தர் முகத்திலும் இல்லை. சுற்றி நின்று பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் சின்னவரே அணைத்துவிட்டார்.

திங்கட்கிழமை புருஷனும் பெண்சாதியும் தலைக்கு வைத்தியம் பார்க்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். சின்னவள் பஸ் ஏற்றிவிடப் போனாள். பெரியவர் முதலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியை உள்ளங்கையால் துடைத்தார். பெரியவள் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றாள்.

"அங்க அவரை, இன்னிக்கு என்ன கிழமை, கூடப் பொறந்தவங்க யார் யாருன்னெல்லாம் கேப்பாங்களாம்" என்றாள். "கூட வந்தவங்க எடுத்துக் குடுக்கக் கூடாதாம். அவரு முழிச்சுக்கிட்டு நின்னா, நான் பக்கத்துல எப்படிம்மா சும்மா இருப்பேன்?"

கண்டக்டர் விசில் கொடுத்தார். பெரியவள் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வலது உள்ளங்கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். பஸ் திரும்பி மறைகிறவரை அந்தக் கையை எடுக்கவில்லை.