செருப்போடு சேர்த்துக் கழற்றிய கோபம்

எங்கள் வீட்டில் அப்பா சாப்பாட்டுத் தட்டை வீசினால் யாரும் திட்ட மாட்டார்கள். காரணம் சொல்வார்கள்.

"அது அவரு பொறவிக் கொணம் நைனா. மனசு கொழந்த" என்பார் மாமா, அம்மாவின் தம்பி. தன் சட்டையில் தெறித்த சாம்பாரைத் துடைத்துக்கொண்டே சொல்வார். அப்பாவும் ஆமோதிப்பார்: "இன்னா பண்றது, பொறக்கசொல்லவே கூட வந்துகீது." ஏதோ மச்சம் மாதிரி.

நானும் நம்பினேன். முட்டாள்.

கல்லூரியில் சேர்ந்த வருடம், வீட்டுச் சாவி வாங்க, தி.நகரில் அப்பா வேலை செய்யும் புடவைக் கடைக்குப் போனேன். செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு வெள்ளை மெத்தைமேல் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு அம்மாள். முப்பது புடவை பிரித்தாயிற்று.

"இது என்ன, தொடைக்கிற துணி மாதிரி! உங்களுக்குக் கண்ணே தெரியாதா?"

போச்சு, ஏதோ பறக்கப்போகிறது என்று நான் ஒதுங்கினேன். அப்பா சிரித்தார். "பரவால்லம்மா. மாம்பழக் கலர்ல ஒண்ணு பிரிக்கட்டுமா?"

அவள் எதுவும் வாங்காமல் போனாள். அப்பா முப்பதையும் பொறுமையாக மடித்தார். அன்றைக்கே வீட்டில், ரசத்தில் உப்பு கம்மி என்று தட்டு பறந்தது.

பிறவிக் குணமாம்! செருப்போடு சேர்த்துக் கழற்றிவைக்க முடிகிற குணம். கஸ்டமர் யார், பெண்டாட்டி யார் என்று அதற்கு அத்தனை துல்லியமாகத் தெரிகிறது.

அதற்கப்புறம் அப்பாவைக் கண்டாலே எனக்கு இளக்காரம். "கொழந்த வந்துட்டாரும்மா, தட்ட ஒளிச்சு வெய்" என்பேன். நான் அந்த ரகம் இல்லை என்று அவ்வளவு திமிர்.

போன மாதம் வாத்தியார் என் ரெக்கார்டு நோட்டை வகுப்பு முன்னால் தூக்கி எறிந்தார். "தேங்க்யூ சார்" என்றேன். சத்தியமாக, தேங்க்யூ. குனிந்து பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தோசை ஆறியிருந்தது. என் கையிலிருந்து தட்டு போன வேகத்தில் நானே அசந்துவிட்டேன்.

மாமா உடனே ஆரம்பித்தார். "அப்டியே அப்பன் கொணம்..."

அம்மா துடைக்கிற துணியை எடுத்தாள். முகத்தில் கோபமே இல்லை. எனக்கும் ஒரு காரணம் தயார். இனி ஆயுசுக்கும் நான் வீசலாம், அவள் துடைப்பாள்.

"கொணமும் இல்ல, மண்ணும் இல்லம்மா" என்றேன். "வாத்தியாராண்ட காட்டத் துப்பில்ல. உன்னாண்ட காட்டிட்டேன்."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். துணியை என் மூஞ்சிமேல் வீசினாள்.

"அப்ப நீயே தொட. சட்னி செவுரு வரைக்கும் போய்கீது பாரு."