சுவருக்கு ஒரு ரஜாய்

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவளுக்கு ஒரு மேனேஜர் போதாது. குக்கர், காலிங் பெல், தெருவில் மீன் விற்பவர் என்று ஆளாளுக்கு மேனேஜர்தான். மியூட் பட்டனில் விரலை வைத்தபடியே காலம் தள்ளும் என் சக ஜீவன்களே, உங்களுக்காகத்தான் இது.

கப்பல்

மருந்துக் கிடங்குகளுக்கு சாஃப்ட்வேர் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. லேக் கார்டன்ஸில் இரண்டாம் மாடி ஃப்ளாட், படுக்கையறை மூலைதான் ஆபீஸ். துபாய் கஸ்டமரோடு மீட்டிங் சாயங்காலம் ஐந்து மணிக்கு. குளிர்காலத்தில் கொல்கத்தா ஐந்துக்கே இருட்டிவிடும். இருட்டினால் பக்கத்து ஃப்ளாட் பௌதி விளக்கேற்றி மூன்று தடவை சங்கு ஊதுவார். பௌதி என்றால் இங்கே அண்ணி முறை, தீதி என்றால் அக்கா. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரே சுவர். அந்த அம்மாளுக்கு என்ன மூச்சு, அடேயப்பா!

ஒரு நாள் மீட்டிங்கில் "தாமதம் எங்களாலதான்..." என்று நான் வாயைத் திறந்ததும் சங்கு முழங்கியது. பதறிப்போய் மியூட் போட்டேன். மூன்று வருஷமாக இதே கூத்துதான். ராப்பகலாக ஸ்லைடு செய்வது நான், அதைப் பேசிக் கைதட்டல் வாங்குவது கூட வேலை பார்க்கும் அனிர்பான். அன்றைக்கும் அவன்தான் பேச ஆரம்பித்தான். கஸ்டமர் மட்டும் என்னை விடவில்லை: "மேடம், உங்க வீட்டு வாசல்லேர்ந்து கப்பல் கிளம்புதா?"

முட்டை அட்டை

மறுநாள் மேனேஜர் சொன்னார்: அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அதே கஸ்டமருக்குப் பெரிய டெமோ, நன்றாகப் பேசுகிறவருக்கு டீம் லீட் பதவி. எனக்கு அது வேண்டும். வெட்கப்படாமல் சொல்கிறேன், ரொம்பவே வேண்டும். "நான் பேசறேன்" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்ததும் முதலில் பார்த்தது அந்தச் சுவரைத்தான்.

சந்தி வேளையில் சங்கு ஊதாதீர்கள் என்று பௌதியிடம் போய்ச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா? ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, முட்டைக் கடையில் நாற்பது காலி அட்டை வாங்கிவந்து சுவர் முழுக்க ஒட்டினேன். முட்டை நுழையாத வீட்டில் முட்டை அட்டை! எதிரொலி கொஞ்சம் அடங்கியது. சங்கு அசையவே இல்லை. போதாக்குறைக்கு கேமராவில் சுவர் தெரிந்துவிட்டது. அனிர்பான் வாயைப் பிளந்தான்: "தீதி, நீங்க சுத்த சைவம்னீங்களே, இத்தனை முட்டையும் யார் தின்னாங்க?"

பஞ்சுக்காரர்

அட்டையைப் பிய்த்துப் போட்டேன். அந்த நேரம் பார்த்து, குளிர்காலம் வந்தால் பஞ்சு அடிக்கும் வில்லை டங் டங்கென்று தட்டிக்கொண்டு தெருவோடு வரும் பஞ்சுக்காரர் வந்தார். ரஜாய், அதாவது பஞ்சடைத்த கனத்த போர்வை, தைக்க வேண்டும் என்றேன். ஒருவர் படுக்கவா, இருவர் படுக்கவா என்றார். யாரும் படுக்க இல்லை, சுவரில் தொங்கவிட என்றேன். கெட்டியாக மூன்று தைத்தார். புத்தக அலமாரியைப் பொதுச்சுவரோடு நெருக்கிவைத்து அதன் மேல் இரண்டு, கதவில் ஒன்று. கதவடியிலும் ஜன்னல் இடுக்கிலும் ரப்பர் பட்டை. சாயங்காலம் சங்கு ஹவுராவிலிருந்து வருவது போல் கேட்டது. ஒரு குதி குதித்தேன்!

தையல் நடக்கும்போதே, எதற்கு இத்தனை ரஜாய் என்று பௌதி கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு முக்கியமான மீட்டிங் என்றேன், சங்கைப் பற்றி மூச்சு விடவில்லை. பஞ்சுக்காரர் மட்டும் போகும்போது தலையை ஆட்டிக்கொண்டே சொன்னார்: "முப்பது வருஷமா தைக்கிறேன் தீதி, சுவருக்குக் குளுருதுன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்."

வெள்ளிக்கிழமை

டிசம்பரிலும் அறைக்குள் வியர்த்துக் கொட்டியது. முதல் வாக்கியத்தில் குரல் உடைந்தது, விரல் தானாக மியூட்டுக்குப் போனது. ஒளிய ஒரு சத்தமும் இல்லையே! விரலை மடக்கிக்கொண்டு பேசினேன். இருபது நிமிஷம். கஸ்டமர் குடைந்து குடைந்து கேட்டார், நானும் விடாமல் பதில் சொன்னேன். அனிர்பானுக்கு இடமே கொடுக்கவில்லை. கடைசியில் கஸ்டமர் சொன்னார்: "இனிமே நீங்களே பேசுங்க மேடம்." டீம் லீட் நான்தான் என்று மேனேஜரும் சொல்லிவிட்டார். அழுதுவிட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தால், கையில் சங்கோடு பௌதி, மூச்சு வாங்க நிற்கிறார்: "உன் காரியம் ஜெயிக்கணும்னு இன்னிக்கு மூணுக்கு ஒன்பதா ஊதினேன், கேட்டுதா?"

கேட்டது என்றால் ரஜாய் வீண், கேட்கவில்லை என்றால் பௌதியின் மூச்சு வீண் என்று தவித்து, புது டீம் லீடாகிய நான் பழைய பழக்கத்தில் மறுபடியும் மியூட்டுக்குப் போய்விட்டேன்.