மாமா கொல்லையின் செம்மேடு

சித்திரை வெயிலில் சூடேறிக் கிடக்கும் கல்மரத்தின் மேல் உட்கார்ந்தால் பாவாடையையும் தாண்டித் தொடையில் சுரீரென்று ஏறும். ஆனாலும் எழுந்திருக்க மாட்டேன், எழுந்தால் அந்த இடத்தைப் பூங்கொடி பிடித்துக்கொள்வாள். பூங்கொடி என் தாய்மாமன் மகள், என் வயதுக்காரி. திருவக்கரைக் கல்மரப் பூங்காவின் வேலியை ஒட்டியே மாமாவின் முந்திரித் தோப்பு இருந்தது; அவர்கள் பேச்சில் அது 'கொல்லை'. அதன் நடுவில் ஒரு செம்மண் மேடு. மேட்டின் வயிற்றிலிருந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டு ஒரு மரம். பட்டையும் கணுவும் வளையமும் மரத்துக்கு உள்ளவைதான், தட்டினால் மட்டும் கல்.

எங்களுக்கு வளவனூர். கரும்பையும் நெல்லையும் விட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் சப்பென்ற தரை. மாமாவின் கொல்லையிலோ ஒவ்வொரு மழைக்கும் காட்சி மாறும்; இளகிய செம்மண் அரிக்கப்பட்டு ஓடையாக இறங்க, கரையத் தெரியாத மரம் இன்னும் ஒரு முழம் வெளியே வந்து நிற்கும். "போன லீவுக்கு இது இல்ல, பாத்தியா?" என்று தானே பெற்றுப் போட்டதுபோல் பூங்கொடி காட்டுவாள். வேனில் வரும் வெளியூர்க்காரர்கள் வேலிக்கு இந்தப் பக்கம் எட்டிப்பார்த்து அவளையும் மேட்டையும் சேர்த்துப் படமெடுத்துக்கொண்டு போவார்கள். எங்கள் சேற்றைப் பார்க்க எவன் வேன் ஏறி வருவான்? எனக்கு வயிறு எரியும். "எல்லாருக்கும் அக்கரை பச்சையா தெரியும், இவளுக்கு செவப்பா தெரியுது" என்று அம்மா சிரிப்பாள்.

அந்த மரங்கள் அங்கே முளைத்தவையே அல்ல, ஏதோ ஒரு காலத்து ஆற்று வெள்ளம் வேரையும் கிளையையும் முறித்து எங்கிருந்தோ உருட்டி வந்து மணலில் புதைத்தது, புதைந்த இடத்தில் மெல்ல மெல்லக் கல்லானது என்று பூங்காவில் ஒருவர் சொல்லக் கேட்ட அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. ஓடிப்போய், "உன் மரம் ஒண்ணும் உங்க ஊரு மரம் இல்லடி, வெள்ளத்துல அடிச்சிக்கினு வந்தது" என்றேன். "வந்துச்சி இல்ல? உங்க ஊர்ல ஏன் நிக்கல?" என்றாள் பூங்கொடி.

நான் வயதுக்கு வந்தபோது, தாய்மாமன் சீராக என்ன வேண்டும் என்று மாமா ஆசையாகக் கேட்டார். பட்டுப்பாவாடை என்பேன் என்று எல்லாரும் காத்திருக்க, "கல்மரத்துல ஒரு துண்டு" என்றேன். மாமாவின் முகம் மாறிவிட்டது. அவர்கள் ஊரில் அது, காளி வதம் செய்த அசுரனின் எலும்பு. "அசுரன் எலும்ப சீர்த்தட்டுல வெச்சி, மேளத்தோட எடுத்துக்கினு வரச் சொல்றியே, நல்லாவா இருக்கும்?" என்றார். பட்டுப்பாவாடைதான் வந்தது. அந்தத் தட்டைத் தலையில் சுமந்து, மேளத்துக்குப் பின்னால் நிமிர்ந்து வந்தவள் பூங்கொடி.

பிறகு அவளையே என் அண்ணனுக்குக் கட்டிவைத்தார்கள். அவள் வளவனூர் வந்தாள், நான் திண்டிவனத்துக்கு வாக்கப்பட்டுப் போனேன். கல்மரமும் அவளுக்கு, கரும்புத் தோட்டமும் அவளுக்கு.

மாமா இறந்ததும் கடனுக்காகக் கொல்லை கைமாறிப் போனது. போன வருஷம் திண்டிவனத்தில் எங்கள் தாழ்வான மனையை மேடேற்ற லாரி லாரியாகச் செம்மண் இறக்கினோம். "திருவக்கரை மண்ணுங்க, கல்லு மாதிரி நிக்கும்" என்றார் டிரைவர். எந்தக் கொல்லை என்று துருவிக் கேட்டேன்; அவர் சொன்ன அடையாளம் மாமாவின் கொல்லையேதான். கிரகப்பிரவேசத்துக்கு வந்த பூங்கொடியிடம், வாசலில் மிஞ்சிக் கிடந்த குவியலைக் காட்டி, "உன் மேடு இப்ப எங்க வூட்டுக்கு அடியில இருக்குதுடி" என்றேன். இத்தனை வருஷமாகச் சேர்த்துவைத்த பெருமையோடுதான் சொன்னேன்.

கொல்லையில் இப்போது அந்த மேடு இல்லை. முந்திரியும் இல்லை, ஆள் உயரப் பள்ளம்தான் இருக்கிறது. மரத்தை யார் தூக்கிப் போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம், பூங்காவில் இருக்கும் மரங்கள் மட்டும் பத்திரம்.

அன்று நான் சொன்னதைக் கேட்டதும், பூங்கொடி பட்டுப்புடவையோடு அந்தக் குவியலின் பக்கத்தில் குந்தி, ஒரு பிடி மண்ணை அள்ளி, சத்தமில்லாமல் அழுதாள். வந்தவர்கள் என்னை விட்டுவிட்டு அவளைத் தேற்றினார்கள். எனக்கும் அழ வேண்டும்போல் இருந்தது. ஆனால் அந்த மேட்டுக்காக அழும் பாத்தியதையும் அவளுக்குத்தான் இருந்தது; ஓரமாக நின்று, அதற்கும் பொறாமைப்பட்டேன்.