புள்ளியை வாங்காத பெட்டி

இது நடந்தது. எனக்கே நடந்தது. யாரோ சொன்ன கதையை என் பேரில் ஓட்டவில்லை. பேய் என்றால் ராத்திரி வேண்டும், மழை வேண்டும், கரன்ட் போக வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் மன்னிக்கவும். எனக்கு வாய்த்தது மத்தியானச் சாப்பாட்டு நேரத்துப் பேய். ஜன்னல் வழியாக வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் சொன்னபோது மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “அன்னைக்கு நேரத்துக்குச் சாப்பிட்டீங்களா?”

சாப்பிடவில்லை. ஆனால் அது காரணமில்லை.

நான் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பழக்கிவிடுகிறவன். டாக்டர் மருந்து எழுதும்போது, இது இவருக்கு ஆகாது, இந்த அளவு அதிகம் என்று ‘டிங்’ சத்தத்தோடு திரையில் சிவப்புப் பெட்டி காட்டும் புரோகிராம் ஒன்று புதிதாக வந்திருந்தது. அதை எல்லோர் கைக்கும் பழக்குவது என் பொறுப்பு. அதில் நான் சம்பாதித்தது ‘டிங்டிங்’ என்ற பட்டப்பெயர். என் தலையைக் கண்டாலே டாக்டர்கள் லிஃப்ட்டை விட்டுவிட்டுப் படிக்கட்டில் ஓடினார்கள். அவர்கள் உடம்பு இளைத்ததில் எனக்கும் பங்குண்டு.

அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. சத்து மாத்திரைக்குக்கூட டிங். நாலு டாக்டர்களை உட்கார வைத்து வேண்டாத எச்சரிக்கைகளைக் களைந்துவிடலாம் என்று கெஞ்சினேன். யாருக்கும் நேரமில்லை. எச்சரிக்கையைத் தாண்டிப் போக வேண்டுமென்றால் பெட்டியில் காரணம் எழுத வேண்டும். வெறுமையாக விட்டால் நகராது. முதல் வாரத்திலேயே ஒரு புண்ணியவான் கண்டுபிடித்தார்: ஒரே ஒரு புள்ளி வைத்தால் போதும். அவ்வளவுதான். மொத்த ஆஸ்பத்திரியும் புள்ளி வைத்தது. “புள்ளி வெச்சுட்டு வா, டீ குடிக்கலாம்” என்பது சாதாரணப் பேச்சாகிவிட்டது.

நிர்வாகியிடம் போய்க் கத்தினேன். புள்ளியை ஏற்காதபடி மாற்றுங்கள் என்றேன். அவர் ஒரு கணக்குத் தாளை நீட்டினார். எல்லா எச்சரிக்கைக்கும் காரணம் எழுதப்பட்டிருக்கிறதாம், ஒன்றுகூட பாக்கி இல்லையாம். முழு வெற்றி. அதற்கு விழா, கேக், கேடயம்.

“டாக்டருங்க கோவிச்சுக்குவாங்கப்பா. விழா முடியட்டும்.”

எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

விழா நாளும் வந்தது. கீழே அரங்கத்தில் நிர்வாகி மைக் பிடித்திருந்தார். வெற்றியின் ஐந்து ரகசியங்களில் இரண்டாவதற்கு வந்திருந்தபோது என் போன் அதிர்ந்தது. மேல்மாடி வார்டின் தலைமை நர்ஸ்.

“சார், பன்னெண்டாம் கட்டில் மெஷின் புள்ளிய வாங்க மாட்டேங்குது.”

உண்மையைச் சொன்னால், சந்தோஷப்பட்டேன். கடைசியில் யாரோ மாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். இரண்டு இரண்டு படியாக ஏறினேன்.

பன்னிரண்டாம் கட்டிலில் ஒரு தையல்காரப் பெண். மெஷின் ஊசி விரலில் பாய்ந்து கை முழங்கை வரை வீங்கியிருந்தது. “ஊசியாலதான் பொழைக்கிறேன் சார், ஊசியாலயே படுத்துட்டேன்” என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த வாரம் தைக்க உட்காரலாமா என்று கேட்டாள். பக்கத்தில் இளம் டாக்டர், முந்தின நாளிலிருந்து தூங்காத கண்களோடு. நர்ஸ் கையில் மருந்து ஏற்றிய சிரிஞ்சு தயாராக இருந்தது.

திரையில் சிவப்புப் பெட்டி. இந்த மருந்து இவருக்கு ஆகாது.

“பாருங்க டிங்டிங்,” என்றார் டாக்டர். ஒரு புள்ளி வைத்தார். புள்ளி விழுந்தது. உடனே அழிந்தது. மறுபடி வைத்தார். அழிந்தது.

நான் வைத்தேன். அழிந்தது.

அந்தப் பெண்ணின் பதிவைத் திறந்தேன். அலர்ஜி என்ற இடத்தில் எந்த விவரமும் இல்லை. சேர்க்கும்போது கேட்டு நிரப்ப வேண்டிய இடம் அது. அங்கேயும் ஒரு புள்ளி. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அப்புறம்தான் உறைத்தது... பதிவில் ஒன்றுமே இல்லாதபோது இந்த எச்சரிக்கை எதை வைத்து வந்தது?

“உங்க மெஷின் கனவு காணுது,” என்றார் டாக்டர்.

விசைப்பலகையில் கை வைத்தேன். ஜில்லென்றிருந்தது. அதன் மேல் வெயில் விழுந்துகொண்டிருந்தது.

அப்போது பெட்டியில் ஓர் எழுத்து விழுந்தது.

வே

டாக்டரைப் பார்த்தேன். அவர் கைகள் கோட்டுப் பைக்குள் இருந்தன. என் கைகளை நான் எப்போதோ இழுத்துக்கொண்டிருந்தேன்.

ணா

அந்தப் பெட்டி ஆங்கிலம் தவிர எதையும் வாங்காது. அதைக் குறை சொல்லியே நான் ஆறு கடிதம் எழுதியிருக்கிறேன். இப்போது தமிழ் எழுத்து...

ம்

விசைப்பலகையின் ஒயரைப் பிடுங்கினேன்.

டக்... டக்... டக்...

விசைகள் அசையவில்லை. சத்தம் மட்டும் கேட்டது.

கேளுங்க

டாக்டர் முகம் வெளுத்தது. ஆனால் வேலைப் பழக்கம் பயத்தைவிடப் பெரியது. விறுவிறுவென்று அடுத்த கட்டில் மெஷினுக்குப் போனார். அதில் அந்தப் பெண்ணின் பதிவைத் திறந்து அதே மருந்தை எழுதினார். டிங் இல்லை. பெட்டி இல்லை. உத்தரவு வழுக்கிக்கொண்டு போனது.

“பாத்தீங்களா? இங்க சரியா இருக்கு. சிஸ்டர், போடுங்க.”

நர்ஸ் என்னைப் பார்த்தார். சிரிஞ்சு மேலே வந்தது.

டக். டக். டக். டக்.

கேளுங்க கேளுங்க கேளுங்க கேளுங்க

“நிறுத்துங்க,” என்றேன். என் குரல் மாதிரியே இல்லை. டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஊசியைக் கீழ வெச்சிட்டு அப்புறம் என்னைத் திட்டுங்க என்றேன். அந்தப் பெண்ணிடம் குனிந்தேன்.

“அம்மா, எப்பவாவது ஊசி போட்டு உங்களுக்கு ஒத்துக்காமப் போயிருக்கா?”

“ஆமா சார். சின்னப் புள்ளையில. மொகமெல்லாம் வீங்கி மூச்சே நின்னுடுச்சாம். பொழச்சதே பெருசும்பாங்க.” கொஞ்சம் சலிப்போடு சேர்த்துக்கொண்டாள். “அதான் காலையிலயே சொல்லிட்டேனே.”

“யார்கிட்ட?”

“கழுத்துல கட்டுப் போட்டிருந்தாரே, அந்த ஐயாகிட்ட. வாய் பேசல. ஊசி போடற மாதிரி சைகை காட்டிக் கேட்டார். ஆஸ்பத்திரி ஆளுன்னு நெனச்சேன்.”

சத்தம் நின்றது.

பெட்டி மறைந்தது.

நர்ஸ் சிரிஞ்சைத் தட்டில் வைத்தார்.

வேறு மருந்து கொடுத்தார்கள். இளம் டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்ட வேண்டும் என்றுதான் போனேன். தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் குழந்தை மாதிரி வாங்கிக் குடித்தார்.

வராந்தாவில் நர்ஸ் என்னை நிறுத்தினார். கழுத்தில் கட்டுப் போட்டவரைத் தனக்குத் தெரியும் என்றார். மூன்று வாரத்துக்கு முன்னால் அதே பன்னிரண்டாம் கட்டில். சிவப்புப் பெட்டி வந்தது, புள்ளி வைத்தார்கள், ஊசி போட்டார்கள். தொண்டை அடைத்துக்கொண்டது. கழுத்தைக் கீறிக் குழாய் வைத்துப் பார்த்தார்கள். அதற்கப்புறம் அவருக்குப் பேச்சு வரவில்லை.

“சாகற வரைக்கும் விரலால எதையோ குத்திக் குத்திக் காட்டினார் சார். என்னன்னு எங்களுக்குப் புரியல.”

இதயம் நின்று இறந்தார் என்று எழுதி முடித்தார்களாம். செத்தால் எல்லாருக்கும்தான் நிற்கும்.

படியிறங்கியபோது எனக்குப் பயம் போயிருந்தது. கோபம் மட்டும்தான். அரங்கத்தில் கை தட்டல் ஓய்ந்து கேக் வெட்டியிருந்தார்கள். நிர்வாகியை ஓரமாக இழுத்தேன். இன்றைக்கே புள்ளியை நிறுத்த வேண்டும், மேல்மாடி வார்டில் இப்போது வந்த ஓர் எச்சரிக்கையால்தான் ஓர் உயிர் தப்பியது என்றேன். பேயைச் சொல்லவில்லை. எச்சரிக்கையை மட்டும் சொன்னேன்.

அவர் உதட்டில் க்ரீம். என்னை விநோதமாகப் பார்த்தார்.

“மேல்மாடி வார்டுலயா? அங்க எப்படிப்பா வரும்? விருந்தாளிங்க சுத்திப் பார்க்க வர்றாங்க, டிங் டிங்னு அடிச்சா அசிங்கம்னு புரோகிராம் கம்பெனிக்காரங்ககிட்ட சொல்லி, காலையிலேயே அந்த வார்டு முழுக்க எச்சரிக்கைய நிறுத்த வெச்சிட்டேனே.”

என் கையில் ஒரு துண்டு கேக்கைத் திணித்துவிட்டு, படம் எடுக்கிறார்கள் என்று போய்விட்டார்.