ஆளில்லாத அறையில் ஓடும் ஃபேன்

எங்கள் வீட்டில் ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடக் கூடாது. இது என் மாமனாரின் சட்டம். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்ததும் செருப்பைக் கழற்றுவார், உடனே அறை அறையாக ஒரு சுற்று வருவார். நாம் பாத்ரூம் போய்த் திரும்புவதற்குள் ஃபேன் நின்றிருக்கும். கரண்ட் பில்லைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை. யாருக்கும் உபயோகமில்லாமல் ஒன்று சுற்றிக்கொண்டிருப்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அவ்வளவுதான். கல்யாணமாகி வந்த புதிதில் எரிச்சலாக இருந்தது. போகப்போக எனக்கும் தொற்றிக்கொண்டது. ஆபீசில் காலியான மீட்டிங் ரூமைக் கண்டால் என் கையும் சும்மா இருக்காது.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் ஓர் ஆர்க்கிட் செடி வந்து சேர்ந்தது.

எனக்குப் பதவி உயர்வு கிடைத்தபோது ஆபீசில் கொடுத்தார்கள். தடித்த இலைகள், வளைந்த தண்டில் வரிசையாக வெள்ளைப் பூக்கள். பூ உதிர்ந்த பிறகு தூக்கிப் போட மனம் வராமல், காலியாக இருந்த ஓர் அறையில் வைத்தேன். மற்ற செடிகளுக்கு ஊற்றுவதுபோலவே இதற்கும் விளக்கு வைக்கும் நேரத்தில் தலையோடு தண்ணீர் ஊற்றினேன். ஏரிப் பக்கத்துக் கொசுவுக்குப் பயந்து பொழுது சாயும் முன்பே ஜன்னல்களை அடைத்துவிடுவோம். இலைகளின் நடுவில் தேங்கிய தண்ணீர் அந்த அடைபட்ட அறையில் காயவே இல்லை. ஒரு நாள் நடுக்குருத்தைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. அடியில் கறுத்து, அழுகின வெங்காயம்போல நாறியது.

"இதெல்லாம் ஊட்டிக்குத்தான் சரிப்படும். நம்ம ஊர் வெக்கைக்கு நிக்குமா?" என்றார் என் கணவர். எதிர்வீட்டு அக்காவும் அதையேதான் சொன்னார். முடியாது என்று இரண்டு பேர் சொல்லிவிட்டால் எனக்கு வீம்பு பிடித்துக்கொள்ளும். இன்னொரு செடி வாங்கினேன்.

இந்த முறை உட்கார்ந்து படித்தேன். காட்டில் மரத்தைப் பற்றிக்கொண்டு வளர்கிற செடி அது. வேர்கள் வெளியே தொங்கும். மழையில் நனைந்தாலும் காற்று வந்து காயவைத்துவிடும். ஓயாமல் நகர்கிற காற்றுதான் அதற்கு வேண்டும், ஊட்டி வேண்டாம். கரித்துண்டும் ஓட்டுச்சில்லும் போட்டு நட்டேன். தண்ணீர் ஊற்றுவதைக் காலைக்கு மாற்றினேன். சீலிங் ஃபேனின் வேகத்துக்கு இலைகள் துவண்டன. எனவே பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய டேபிள் ஃபேன் வாங்கி வந்தேன்.

அதையும் செடியின் முகத்துக்கு நேராக வைக்கக் கூடாது. சுவரைப் பார்த்து வைத்தால், சுவரில் பட்டுத் திரும்பும் காற்று செடியைப் பதமாகத் தொடும். ஆனால் காற்று எங்கே திரும்புகிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டுமே! ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, செடியைச் சுற்றிக் காட்டிப் புகையைக் கவனித்துக்கொண்டிருந்தேன். மாமனார் வந்து கதவருகே நின்றார்.

"என்னம்மா, செடிக்குப் பூஜையா?"

"காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்கறேன் மாமா."

"தேங்காய் எடுத்துட்டு வரட்டா?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. புகை இலைகளுக்கு நடுவே நுழைந்து, மெல்ல அந்தப் பக்கமாக வெளியேறியது. அதுதான் சரியான இடம். ஃபேனைக் குறைந்த வேகத்தில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். திரும்பி வந்தபோது நின்றிருந்தது.

"யாரும்மா இருக்கா அந்த ரூம்ல?"

"செடி இருக்கு மாமா."

"செடிக்கு வேர்க்குதா?"

நான் போடுவேன், அவர் அணைப்பார். சண்டை என்று சொல்ல முடியாது; ஒரு வார்த்தை தடித்ததில்லை. 'அணைக்க வேண்டாம்' என்று எழுதி ஸ்விட்சுக்கு மேல் ஒட்டினேன். காகிதம் கசங்காமல் அணைத்திருந்தார்.

மழைக்காலம் வந்தது. இலைகளுக்கு இடையிலிருந்து ஒரு தண்டு எட்டிப் பார்த்தது. நான் குழந்தையைப்போலக் குதித்தேன். தண்டு நீண்டு, அதில் மொட்டுகள் கட்டின. வாரத்தில் சில நாள் கிண்டியில் இருக்கும் ஆபீசுக்கு நேரில் போயாக வேண்டும். அப்படி ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்து பார்த்தால், ஜன்னல் மூடி, ஃபேன் நின்று, அறை புழுங்கிக் கிடந்தது. காலையில் ஊற்றிய தண்ணீர் குருத்தில் அப்படியே நின்றது. பஞ்சைத் திரித்து அதை ஒற்றி எடுத்தேன். முதல் செடியின் நாற்றம் நினைவுக்கு வந்தது. நேரே ஹாலுக்குப் போனேன். மாமனார் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இந்த வீட்டுல எல்லா ஸ்விட்சும் நீங்க சொல்றபடிதான். நான் ஒண்ணும் சொன்னதில்ல. அந்த ஒரு ஸ்விட்ச் எனக்கு வேணும்."

அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். கணவர் என் பின்னாலேயே சமையலறைக்கு வந்தார்.

"ஒரு செடிக்காக அப்பாகிட்ட இப்படிப் பேசணுமா?"

"செடிக்காக மட்டும் இல்ல" என்றேன். இந்த வீட்டில் நான் போட்டது ஏதாவது ஒன்று, நானே அணைக்கும்வரை ஓட வேண்டும். எத்தனை அற்பமானதாக இருந்தாலும் பரவாயில்லை. அதில் விட்டுக்கொடுப்பதில்லை என்று அன்று முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த முறை ஆபீசிலிருந்து வந்தபோது வாசலிலேயே ஃபேன் சத்தம் கேட்டது. சந்தோஷமாக உள்ளே ஓடினேன். செடிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஆள் இருந்தா ஓடலாம் இல்ல?" என்றார்.

அதற்குப் பிறகு அதுவே அவருடைய இடமாயிற்று. காபி அங்கே, டிபன் அங்கே. டிவியைக்கூட விட்டுவிட்டார். முட்டிவலிக்காரர் எனக்காக அந்த நாற்காலியில் கிடந்தார். மனசு இளகத்தான் செய்தது. ஆனால் குளிக்க எழுந்தால் அணைத்துவிட்டுத்தான் போவார். சட்டம் அவருடையதாகவே இருந்தது. நான் ஜெயித்ததாகச் சொல்ல ஒன்றுமில்லை. போதாததற்கு, சுவரில் பட்டுத் திரும்பிய காற்றெல்லாம் அவர் முதுகில் போய் முடிந்தது. ஒரு மொட்டு மஞ்சளாகி விழுந்தது. அதை உள்ளங்கையில் வைத்து என்னிடம் கொண்டுவந்தார்.

"நான் ஒண்ணும் தொடலம்மா."

"தெரியும் மாமா. நீங்க காத்தை மறைச்சுட்டு உக்காந்திருக்கீங்க. ஹாலுக்கே போயிடுங்க."

"நான் போயிட்டா ரூம்ல ஆளில்லாம ஓடுமேம்மா."

"ஓடட்டும் மாமா."

பார்வையை நான் தாழ்த்தவில்லை. நாற்காலியை நானே எடுத்துக்கொண்டேன். அவர் கதவுவரை போனார். வலது கை தானாக உயர்ந்து ஸ்விட்சைத் தொட்டது. நான் நாற்காலியோடு அங்கேயே நின்றேன். அவர் கையை இழுத்துக்கொண்டு, இடது கையால் அதை முதுகுக்குப் பின்னால் பிடித்தபடி ஹாலுக்கு நடந்தார்.

மிச்ச மொட்டுகள் நின்றன. ஒரு நாள் காலை நான் கிளம்பும்போது மூடியிருந்த மொட்டு மாலையில் விரிந்திருந்தது. அன்று பகல் முழுக்க அந்த அறையில் யாருமே இல்லை. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.